ஐம்பத்தொரு கண்ணி

முப்பதுதான் இருக்க வேண்டும். ஹெப்சிபா மூன்றாம் தடவையாக எண்ணினாள், ஒவ்வொரு கண்ணியையும் ஊசியின் மேல் விரல் நுனியால் தள்ளித் தள்ளி, சத்தமாகவே, சத்தமாக எண்ணினால் சிரிக்கிறதற்கு இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. முப்பது கண்ணி போட்டு ஆரம்பித்த மஃப்ளர் ஒரு முழம் வளர்வதற்குள் இருபத்தொரு கண்ணியைத் தானாகப் பெற்றுப் போட்டிருக்கிறது. மடியில் விரித்துப் பார்த்தால் கீழே ஒடுக்கமாக, மேலே போகப் போக அகலமாக, கழுத்தில் சுற்றுகிற சாமானாகவே இல்லை. கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து அஞ்சு. பதினொரு மணிக்குத் தயா போன் பண்ணுவாள். கிறிஸ்துமஸுக்கு நாங்க வரலாமாக்கா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட தங்கைக்கு, சொந்தத் தங்கைக்கு, வாடி என்று சொல்ல வாய் வராமல், சனிக்கிழமை சொல்றேன் என்று சொல்லி வைத்துவிட்டாள், ஏதோ ஆபீசில் லீவு கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது மாதிரி. இன்றைக்குச் சனிக்கிழமை. வா என்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், பத்தொன்பது வருஷமாகச் சொல்லாதது. சொன்னால் தயா வராமல் போகலாம், இனி எந்தக் கிறிஸ்துமஸுக்கும் வராமல் போகலாம். சொல்லாவிட்டால் இருபத்து மூன்றாம் தேதி புருஷனோடு வந்து இறங்கி, இதே நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் பேசுவாள், அதையும் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. இந்த வரிசையை முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று ஹெப்சிபா ஊசியைக் கையில் எடுத்தாள். ஒரு வாரமாக இப்படித்தான், இந்த வரிசை முடியட்டும், இந்த வரிசை முடியட்டும்.

வெளியே குன்னூர்ப் பனி இன்னும் விலகவில்லை, ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈரம். மஃப்ளர் தயாவின் புருஷன் பொன்ராஜுக்கு. நாசரேத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு, மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராத ஊர்க்காரருக்கு, கம்பளி மஃப்ளர். யாராவது கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் இங்கே வந்தால் குளிருமே, பாவம், அந்த மனுஷன் பிப்ரவரியில் பெண் கேட்டு வந்தபோதே பல் கிட்டிக்கத்தானே டீ குடித்தார் என்று ஒரு சாக்கு. பெண் கேட்டு வந்தபோது என்று நினைத்ததும் ஊசி நின்றது. கேட்டு வரவில்லை. ஹெப்சிபாவிடம் யாரும் கேட்கவில்லை. போன வருஷம் கோயில் ஆண்டு விழாவுக்கு யாரோ சொந்தக்காரர்களோடு வந்த மனைவியிழந்த மனுஷன், சாப்பாட்டுப் பந்தியில் தயாவிடமே நேராகக் கேட்டுவிட்டார், நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம், உங்களுக்கு இஷ்டம்னா சொல்லுங்க என்று, சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு. பிப்ரவரியில் வந்தது டீ குடிக்கவும் தேதி சொல்லவும். தயா சமையலறையிலிருந்து முகமெல்லாம் சிவந்து எட்டிப் பார்த்தாள். அறுபது வயதில் ஹெப்சிபாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, தன்னைத் தாண்டியும் இந்த வீட்டுக்குள் ஒரு பாதை உண்டு என்று. ஒரு மாசத்தில் கல்யாணம், ஒரு லாரியில் தயாவின் பீரோ, அவ்வளவுதான். அன்று ராத்திரி முன்கதவு பூட்டாமலே விடிந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கதவு பூட்டுவது தயாவின் வேலை, ஹெப்சிபாவுக்கு அது ஒரு வேலை என்றே தெரியாது.

பின்னக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்த கை, ஓய்வு பெற்ற மூன்று வருஷமும் தயாவுக்கு டிபன் கட்டிய கை, சாயங்காலம் நாலு மணியானால் மேஜை மேல் தானாகத் தாளம் போட்டது. கடைத்தெருவில் உல்லன் கடைப் பாய், யாருக்கும்மா, பேரப்பிள்ளைக்கா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டாள், அந்தப் பொய் இன்னும் அப்படியே கிடக்கிறது, ஒவ்வொரு தடவை நூல் வாங்கப் போனாலும் குழந்தை எப்படி இருக்கு என்று கேட்கிறார், நல்லா இருக்கு பாய் என்கிறாள், குழந்தைக்கு இப்போது பல் முளைக்கிற வயசு. சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, போனில் வீடியோதான். அந்தப் பெண்ணின் முகம் வராது, மேஜையும் இரண்டு கையும் மட்டும், இடது மணிக்கட்டில் ஒரு மச்சம், மெல்லிசாக ஒற்றை வளையல். இப்ப நம்ம என்ன பண்றோம்னா, ஊசிய உள்ள விடறோம், நூலச் சுத்தறோம், வெளிய எடுக்கறோம், பழசக் கழட்டி விடறோம், அவ்வளவுதாங்க. அவ்வளவுதான் என்று அவள் சொல்லச் சொல்ல இவளுக்கு ஒரு இழவும் வரவில்லை. முதலில் பின்னியது சட்டி இறக்குகிற சதுரத் துணி, இருபது கண்ணி. இழுத்து இழுத்துப் பின்னியதில் ஊசியே உள்ளே போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தது, முடித்தபோது துணி மேஜை மேல் தானாக நின்றது. மூச்ச விடுங்க, நூல இழுக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போகாது என்றது கை. சொல்வது சுலபம். இரண்டாவது ஒரு குல்லா, வளையமாகப் பின்ன வேண்டியது, சேர்க்கும்போது உள்ளே ஒரு முறுக்கு விழுந்ததைப் பார்க்காமல் எட்டு வரிசை போய்விட்டாள், அந்த முறுக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் போகவில்லை, மறுபடி போட்டது தேங்காய்க்குத்தான் சரியாக இருந்தது. பர்ல் பின்னல் வரவே ஒரு வாரம் ஆயிற்று, நூலை முன்னால் கொண்டுவந்து ஊசியை வலமிருந்து குத்தி, எல்லாமே தலைகீழ். ஆகஸ்டில் ஒரு மழை நாள், நாலு மணி இருக்கும், ஒரு வரிசை முழுக்க, ஒரு கண்ணி நழுவாமல் வந்துவிட்டது. துணியைத் திருப்பிப் பார்த்தால் வரிவரியாகச் சின்னச் சின்ன மேடு. சந்தோஷம் தாங்கவில்லை. தயா, இங்க வந்து பாரேன் என்று பக்கத்து ரூமைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. எழுந்து போய் ரேடியோவைப் போட்டாள்.

அந்தக் கைக்காரியோடு ஒரு தடவை பெரிய மனஸ்தாபமே வந்துவிட்டது. வீடியோ நடுவில், எங்கிருந்தோ ஒரு ஆம்பளைக் குரல், டீ போடட்டுமா என்று கேட்டது. கை நின்றது, ம் என்றாள், சிரிக்கிறது குரலில் கேட்டது, அப்புறம் இப்ப நம்ம என்ன பண்றோம்னா என்று தொடர்ந்தாள். நாலு மாசமாக அவளும் தன்னை மாதிரித் தனியாக ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்றே ஹெப்சிபா நினைத்திருந்தாள், யார் நினைக்கச் சொன்னது. மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் வேறு வழியில்லாமல் போனாள். இன்றைக்கும் போகத்தான் வேண்டும், இந்த இருபத்தொரு கண்ணி எங்கிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது. போனை எடுத்தாள், எடுக்கும்போதே திரையில் மணி தெரிந்தது, பத்து இருபது. ஆரம்பப் பாடத்தையே போட்டு, எப்போதும் பாதியில் நிறுத்துகிறவள் இன்றைக்குக் கடைசிவரை ஓடவிட்டாள். கடைசியில்தான் இருந்தது. வரிசை ஆரம்பிக்கும்போது நூல் ஊசிக்கு அடி வழியா பின்னாடி போகணும்ங்க. மேல போட்டு இழுத்துட்டீங்கன்னா முதல் கண்ணி ரெண்டு கால் விரிச்ச மாதிரி ஆயிடும், பாக்குறதுக்கு ரெண்டு கண்ணி மாதிரியே இருக்கும், புதுசா கத்துக்குறவங்க அத ரெண்டாவே பின்னிடுவாங்க. ஹெப்சிபா தன் ஊசியைப் பார்த்தாள். நூல் மேல் வழியாகத்தான் போயிருந்தது. முதல் கண்ணி இரண்டாகத்தான் தெரிந்தது. நூலைக் கீழே இறக்கினாள், ஒன்றாயிற்று. மறுபடி மேலே போட்டாள், இரண்டு. இறக்கினாள், ஒன்று. ஆரம்பத்திலேயே செய்துவிட்ட தப்பு, வரிசை ஓட ஓட ஒன்றும் தெரிவதில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் போவது மாதிரி இருக்கிறது. தெரியாமல் செய்ததுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், சொன்னதும் அந்தச் சொல்லே நெஞ்சில் போய் இடித்தது. மஃப்ளரைத் தெரியாமல் செய்தாள். அந்தப் பழைய காரியத்தைத் தெரிந்துதான் செய்தாள்.

கடிதம் பள்ளிக்கூட விலாசத்துக்குத்தான் வந்தது, செல்வி ஹெப்சிபா, எழுத்தர் என்று. ரெக்கார்டு ரூமில் நின்று படித்தாள், தூசி நெடியில், ஜூன் மாசம், கூரையில் மழை. அப்போது தயாவுக்கு முப்பது, இவளுக்கு நாற்பத்திரண்டு, அப்பா போய் ஒரு வருஷம், அம்மா முன்னமே இல்லை. எழுதியவன் கோயமுத்தூரில் ஏதோ பாலிடெக்னிக்கில் வாத்தியார். மே மாசம் சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் தயாவைப் பார்த்தானாம். பாட்டுப் புத்தகம் இல்லாமல் நின்றிருந்தானாம், தயா தன் புத்தகத்தை அவன் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு பாடினாளாம், பக்கம் திருப்பும்போது அவன் படித்துவிட்டானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பினாளாம். அந்த ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன், தவறாக எண்ண வேண்டாம், எனக்குப் பெரியவர்கள் இல்லை, நீங்களே அவர்களுக்குப் பெரியவர் என்று கேள்விப்பட்டேன். நல்ல எழுத்து, சாயாத எழுத்து. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். படித்து முடித்ததும் அவளுக்கு வந்தது பயம்தான், வேறொன்றுமில்லை, பொறாமைகூட இல்லை, பயம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் விளக்கு எரியாது. அது மட்டும்தான் கண் முன்னால் வந்தது, எரியாத விளக்கு. அன்றைக்கே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிக்கூடக் காகிதத்திலேயே மூன்று வரி எழுதினாள். அன்புள்ள சகோதரருக்கு, என் தங்கைக்குத் திருமணத்தில் நாட்டமில்லை. இனி எழுத வேண்டாம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். கர்த்தரை வேறு இழுத்திருக்கிறாள். வந்த கடிதம் அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போயிற்று. சாயங்காலம் பேக்கரியில் கால் கிலோ வர்க்கி வாங்கிக்கொண்டு வந்தாள். தயா வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே, என்னக்கா விசேஷம் என்றாள். சும்மாதான் என்றாள் இவள்.

கை அதுபாட்டுக்கு மஃப்ளரைப் பிரித்துக்கொண்டிருந்தது. எப்போது ஊசியை உருவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வரிசைக்கு அரை மணி நேரம் எடுத்தது, பிரியும்போது ஒரு இழுப்பு, டிக் டிக் டிக் என்று கண்ணி கண்ணியாகக் கழன்று, நூல் வளைந்து வளைந்து மடியில் விழுந்தது. பத்து நாற்பது. சொல்ல வேண்டாம் என்று சொல்வதற்கு எத்தனை நல்ல காரணம் இருக்கிறது. அதுதான் இப்போது கல்யாணம் ஆகிவிட்டதே. பொன்ராஜ் தங்கமான மனுஷன், போனில் பேசினால் அக்கா சாப்பிட்டீங்களா என்றுதான் ஆரம்பிப்பார். முடிந்து மண் மூடிப்போன விஷயத்தைத் தோண்டி எடுத்து அவளை அழ வைத்து யாருக்கு என்ன லாபம். உன் மனசு லேசாக வேண்டும் என்று அவள் தலையில் இறக்குவாயா என்று ஒரு குரல், நியாயமான குரல், அவளுடைய சொந்தக் குரல்தான், ஆபீஸ் குரல். அதோடு ஒத்துப்போய் ஒரு பத்து வரிசை பிரித்தாள். பேசாமல் வாங்க என்று சொல்லிவிடலாம், ரவா வறுத்து வைக்கலாம், தயாவின் கட்டிலுக்குப் புது விரிப்பு, இரண்டு பேருக்கு அந்தக் கட்டில் போதாதே, தன் கட்டிலைக் கொடுத்துவிடலாம், வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும், ராத்திரி யாராவது கதவைப் பூட்டுவார்கள். நினைக்கும்போதே உடம்பு சூடாயிற்று. நூல் ஒரு இடத்தில் சிக்கியது, இழுத்தாள், இறுகியது, நகத்தால் நெம்பினாள், அந்த இடத்தில் மனசு எப்போதும்போலக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. நாசரேத் மண்டபம், வேர்வை, மல்லிகைப்பூ நெடி. இத்தனை வருஷம் ஏம்மா தள்ளிப்போட்டே என்று பாஸ்டரம்மா தயாவைக் கேட்டாள். தயா சிரித்தாள், வருத்தமே இல்லாமல், வானிலை சொல்வது மாதிரிச் சொன்னாள், நான் எங்க தள்ளிப்போட்டேன், இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட என்னைக் கேட்டு வரல, என் மூஞ்சி அப்படி, எங்க அக்காதான் என்னை வச்சுக் காப்பாத்தினா. சொல்லிவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மூஞ்சி அப்படி. ஒன்பது மாசமாக அந்த மூன்று வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை. ஐம்பதை நெருங்குகிற பெண், கண்ணாடியில் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இதைத்தானே நினைத்திருப்பாள், பத்தொன்பது வருஷமாக, ஒரே வீட்டில், பக்கத்து ரூமில் தலை வாரிக்கொண்டு. அதைப் பார்த்துக்கொண்டே இவள் டிபன் கட்டியிருக்கிறாள். லாபம் யாருக்கு என்று கேட்ட ஆபீஸ் குரல் இந்த இடத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் போட்டுப் பார்த்தாள். தயா, உன்னை ஒருத்தர் கேட்டாங்க. இல்லை, அதென்ன புதுச்செய்தி மாதிரி. தயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். தப்பு என்றால் சின்னதாக இருக்கிறது, பால் பொங்க விட்டது மாதிரி. துரோகம் என்றால் நாடகம். கிறிஸ்துமஸ் காலையில் இந்த வீட்டில் தனியாக எழுந்து, தனியாகக் கோயிலுக்குப் போய், அங்கே தயா வரலையா என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய் சொல்லி, திரும்பி வந்து கதவைத் திறப்பது அப்படியே கண்ணில் தெரிந்தது. விளக்கு எரியாதே என்று அன்றைக்குப் பயந்தாள், இப்போது ஒன்பது மாசமாக எரியாத விளக்கோடுதான் இருக்கிறாள், செத்தா போய்விட்டாள். சாகவில்லைதான். ஆனால் இதற்கு இருப்பது என்று பெயரா. மடியில் முழுக்கச் சுருள் சுருளாக நூல், மஃப்ளர் என்று ஒன்று இல்லை, ஊசி இரண்டும் வெறுமனே கிடந்தன. கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தாள். போன் அடித்தது.

"அக்கா." பின்னால் இரும்புக் கடையில் கம்பி இறக்குகிற சத்தம். "சொல்லுக்கா, டிக்கெட் போடவா? அவரு காலையிலிருந்து கேட்டுட்டே இருக்காரு."

"போடலாம். தயா, நீ உட்கார்ந்திருக்கியா?"

"ஏங்க்கா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் சொல்றத முழுசாக் கேளு, நடுவுல பேசாத." தயாரித்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "உன்னைக் கேட்டு யாரும் வரலன்னு பாஸ்டரம்மாகிட்ட சொன்னல்ல. அது நிஜமில்ல. உனக்கு முப்பது வயசுல ஒருத்தர் கேட்டு எழுதினாரு, என் ஆபீசுக்கு. நல்ல மனுஷன். நான் உன்கிட்டச் சொல்லல. உனக்கு இஷ்டமில்லன்னு நானே பதில் எழுதிட்டேன். நீ போயிட்டா நான் தனியா இருக்கணுமேன்னு பயந்துதான் எழுதினேன். வேற காரணம் இல்ல."

கம்பி இறக்குகிற சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னையா?" என்றாள் தயா.

"உன்னைத்தான்."

"எங்க பார்த்தாராம்?"

"கன்வென்ஷன்ல. உன் பாட்டுப் புத்தகத்தை அவருக்கும் சேர்த்துப் பிடிச்சியாம். அவர் படிச்சிட்டாரான்னு பார்த்துட்டுப் பக்கம் திருப்பினியாம். அதுக்காகத்தான் எழுதினாரு."

திட்டுவாள் என்று ஹெப்சிபா காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்று இருந்தது. அழுவாள் என்று நினைத்தாள். தயா இரண்டும் செய்யவில்லை. சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அவர் பேரு என்னக்கா?"

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். சாயாத எழுத்து ஞாபகம் இருக்கிறது, நீல மை, காகிதத்தின் மடிப்பு, தவறாக எண்ண வேண்டாம், எனக்குப் பெரியவர்கள் இல்லை, அதற்குக் கீழே, இப்படிக்கு, இப்படிக்கு என்று எழுதி அதற்குக் கீழே. ஒன்றுமில்லை. அந்த இடம் வெறுமனே இருந்தது. பதில் போட அவனே ஸ்டாம்ப் ஒட்டித் தன் விலாசம் எழுதிய கவர் ஒன்றை உள்ளே வைத்திருந்தான், பிறத்தியாரைச் சிரமப்படுத்தாத மனுஷன், அதனால் அவள் அந்தப் பெயரை ஒரு தடவைகூடத் தன் கையால் எழுதியதில்லை. அன்புள்ள சகோதரருக்கு என்றுதான் எழுதினாள். கடிதம் முழுக்க ஒரு வார்த்தை விடாமல் பத்தொன்பது வருஷம் சுமந்திருக்கிறாள், ஆனால் அத்தனையும் அவள் செய்த காரியத்தைப் பற்றியது, அவனைப் பற்றி அவளிடம் ஒன்றும் இல்லை.

"அக்கா?"

"ஞாபகம் இல்ல, தயா."

மறுமுனையில் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. யாரோ விலை கேட்டார்கள், பொன்ராஜ் குரல் பதில் சொன்னது. ஹெப்சிபா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரேன்," என்றாள் தயா. குரலில் கோபம் இல்லை, வேறு எதுவும்கூட இல்லை. "இருபத்தி மூணாந்தேதி வரேன். அதுக்குள்ள அந்தப் பேரை ஞாபகப்படுத்தி வை." போன் நின்றது.

போனை மேஜை மேல் வைத்தாள். தெருவில் காஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான். ஏழு நாள் இருக்கிறது. ஆபீஸில் பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரில் பெயர் தேடுகிறவள் செய்வதுபோல அகரத்திலிருந்து ஆரம்பித்தாள், வாய்விட்டு, ஒவ்வொன்றாக. அகஸ்டின் இல்லை. அருள்தாஸ் இல்லை. ஆசீர், ஆபிரகாம், இன்பராஜ், இம்மானுவேல். ஒவ்வொரு பெயரைச் சொல்லிவிட்டும் ஒரு கணம் நிறுத்தி, வாசல் பக்கம் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போனாள்.